கட்டுப்பாடுள்ள வலையமைப்பில் கேம் கன்சோலை இணைப்பது எப்படி

வீட்டில் ஒரு கேம் கன்சோலை இணையத்தில் இணைப்பது இரண்டு நிமிட வேலை. வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைத் தட்டினால் முடிந்தது. அதே கன்சோலை மாணவர் விடுதிக்கோ, தங்கும் விடுதிக்கோ, நிறுவனக் குடியிருப்புக்கோ கொண்டுபோனால், கைபேசியும் மடிக்கணினியும் தடையின்றி இணைந்திருக்கும் அதே அறையில் கன்சோல் மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கன்சோலில் பழுது எதுவும் இல்லை. வீட்டு வலையமைப்பு கடவுச்சொல் தெரியுமா என்று மட்டுமே கேட்கிறது; பலர் கூடிப் பயன்படுத்தும் வலையமைப்போ நீ யார் என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு மடிக்கணினி ஓர் உலாவியின் மூலமோ, பயனர் பெயரின் மூலமோ, சான்றிதழின் மூலமோ பதில் சொல்லிவிடும். கன்சோலுக்கு அந்த வாய் பெரும்பாலும் இல்லை.

ஆகவே இங்கே செய்யக்கூடியவை மூன்றே. கன்சோலையே எப்படியாவது பதில் சொல்லவைப்பது முதலாவது. அதற்காக வேறொருவர் முன்கூட்டியே வலையமைப்பில் பதிந்துவைப்பது இரண்டாவது. பதில் சொல்லத் தெரிந்த இன்னொரு கருவியின் பின்னால் கன்சோலை நிறுத்துவது மூன்றாவது. இம்மூன்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை வலையமைப்பின் வகையும் அதன் விதிமுறையுமே முடிவு செய்யும். விதியை ஏமாற்றி நுழையும் வழிகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு வாரம் வேலை செய்யும், பிறகு உங்கள் மடிக்கணினிக்கான அனுமதியும் சேர்ந்து போகும்.

எந்தக் கதவு மூடியிருக்கிறது

எதையும் மாற்றுவதற்கு முன்னால் கன்சோலிலேயே உள்ள இணைப்புச் சோதனையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றிலும் அமைப்புகளுக்குள் நெட்வொர்க் அல்லது இன்டர்நெட் என்ற பகுதியில் அது இருக்கிறது. சோதனை முடிவில் வெறும் தோல்வி என்ற சொல்லைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாமல், எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள். வைஃபையில் சேர்வது, ஐபி முகவரி (வலையமைப்பு ஒவ்வொரு கருவிக்கும் தரும் எண்) பெறுவது, இணையத்தை எட்டுவது, கேம் சேவையில் உள்நுழைவது, மற்ற ஆட்டக்காரர்களுடன் நேரடியாகப் பேசுவது என்பவை வரிசையாக நிற்கும் ஐந்து கதவுகள். ஒவ்வொன்றுக்கும் சாவி வேறு.

வைஃபையில் சேரவே முடியவில்லை என்றால், அந்த வலையமைப்பு கேட்கும் அடையாள முறை கன்சோலுக்குத் தெரியாத ஒன்றாக இருக்கலாம். வலையமைப்பின் பெயரே பட்டியலில் தெரியவில்லை என்றால் அலைவரிசையைச் சந்தேகியுங்கள்: 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும்; 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பும் வலையமைப்பு அதன் கண்ணுக்குப் படவே படாது. சேர்ந்த பிறகும் 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், முகவரி வழங்கும் சேவையகம் கன்சோலுக்குப் பதிலே சொல்லவில்லை, கன்சோல் தனக்குத்தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். சரியான முகவரி கிடைத்தும் இணையம் வரவில்லை என்றால், பெரும்பாலும் உள்நுழைவுப் பக்கமோ மேக் முகவரிப் பதிவோ (கருவியின் அடையாள எண்ணை முன்கூட்டியே பதிவு செய்யும் முறை) குறுக்கே நிற்கிறது. இணையம் வந்தும் கேம் சேவையில் உள்நுழைய முடியவில்லை என்றால், சில சேவைகளைத் தடுக்கும் வடிகட்டியோ, கன்சோலின் கடிகாரம் தவறியிருப்பதோ காரணமாகலாம். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்களைக் கன்சோல் ஏற்காது. எல்லாம் சரியாகியும் நண்பரின் ஆட்டத்தில் சேர முடியவில்லை என்றால் அது நாட் (பல கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) விவகாரம். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் பலர் களைத்துப்போகும் இடம் அதுதான்.

உள்நுழைவுப் பக்கம் உள்ள வைஃபை

தங்கும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இதுதான் அதிகம். வைஃபையில் கடவுச்சொல் இல்லாமலே சேரலாம். ஆனால் உலாவியைத் திறந்தவுடன் அறை எண்ணையோ, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ, விதிமுறைகளுக்கான ஒப்புதலையோ கேட்கும் பக்கம் ஒன்று வரும். அதை முடிக்கும்வரை உங்கள் கருவி அனுப்பும் எந்தக் கோரிக்கையும் வெளியே போகாது.

இந்தப் பக்கத்தைத் திறக்கும் வசதி கன்சோலுக்குக் கன்சோல் மாறுபடுகிறது. ஸ்விட்சில் பொதுப் பயன்பாட்டுக்கான உலாவி இல்லை. ஆனால் இத்தகைய வலையமைப்பில் சேரும்போது, பதிவு தேவைப்படுகிறது என்று அதுவே அறிவித்து, அடுத்த பொத்தானை அழுத்தினால் உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும். எக்ஸ்பாக்ஸ் கூடுதல் அடையாளச் சான்று தேவை என்ற செய்தியைக் காட்டும். அதில் எட்ஜ் உலாவியும் இருப்பதால் இந்த வேலைக்கு அதுவே சுலபமான கன்சோல் என்பேன். பிளேஸ்டேஷன் 4-இல் உலாவி வெளிப்படையாகவே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இல் தனி உலாவிச் செயலி கிடையாது. உள்நுழைவுப் பக்கம் தானாக எழவில்லையென்றால், அமைப்புகளில் உள்ள பயனர் கையேட்டைத் திறக்க முயலுங்கள். அந்தக் கையேடு ஓர் இணையப் பக்கம் என்பதால், அதைத் தேடிப் போகும் வழியில் வலையமைப்பு உங்களை மறித்து உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட வாய்ப்பு உண்டு.

உலாவி இருந்தும் பக்கம் வராமல் போவதற்கு இரண்டு காரணங்களை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். ஒன்று, பாதுகாப்பான முகவரியைத் திறக்க முயல்வது. குறியாக்கம் செய்த பக்கத்தை நடுவில் மறித்து வேறு பக்கத்தைக் காட்டினால் உலாவி அதைத் திருட்டு என்று கருதிச் சான்றிதழ் எச்சரிக்கை கொடுக்கும். அதனால் திருப்பிவிடுதல் நடக்காது. குறியாக்கம் இல்லாத பழைய வகை முகவரி ஒன்றைத் தட்டச்சு செய்தாலோ, கன்சோலின் இணைப்பு விவரத்தில் காட்டப்படும் கேட்வே (வலையமைப்பிலிருந்து வெளியே செல்லும் வாசல்) முகவரியை அப்படியே உலாவியில் இட்டாலோ பக்கம் பெரும்பாலும் எழுந்துவிடும்.

இரண்டாவது காரணம் டிஎன்எஸ், அதாவது இணையத்தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் சேவை. வீட்டில் வேகத்துக்காக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கையால் எழுதிவைத்திருப்போம்; அதை மறந்துவிடுவோம். உள்நுழைவுக்கு முன்னால் வெளி டிஎன்எஸ் சேவையகத்தை அணுக இந்த வலையமைப்புகள் பெரும்பாலும் விடுவதில்லை. உள்நுழைவுப் பக்கத்தின் பெயரும் அவற்றின் சொந்த டிஎன்எஸ்ஸுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். ஒரு பயணத்தில் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இதற்காக இழந்தேன்: விடுதி வரவேற்பறைக்கு இருமுறை இறங்கிப்போய்ச் சண்டை பிடித்த பிறகுதான், தவறு என் கன்சோலில் ஆறு மாதமாக உட்கார்ந்திருந்த இரண்டு எண்களில் என்று தெரிந்தது. எனவே புது இடத்தில் முதல் வேலையாக, ஐபி, டிஎன்எஸ், ப்ராக்ஸி மூன்றையும் தானியங்கி நிலைக்குத் திருப்பிவிடுங்கள்.

உள்நுழைவு முடிந்த பின்னும் நினைவில் வைக்க வேண்டியது, இத்தகைய அனுமதி காலவரையறை உடையது என்பது. குறிப்பிட்ட மணி நேரத்துக்குப் பிறகு வலையமைப்பு உங்களை மறந்துவிடும். கன்சோலோ வைஃபை இணைந்தே இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும். கேம் சேவைதான் பதில் சொல்லாது. இரவில் தரவிறக்கத்தைத் தொடங்கிவிட்டுக் காலையில் பார்த்தால் பாதியில் நின்றிருப்பதற்கு இதுவே வழக்கமான காரணம்.

மேக் முகவரியைப் பதிவு செய்தல்

நீண்ட காலம் தங்கப்போகும் இடமென்றால் இதுவே நேர்மையான, நிலையான வழி. ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்று உண்டு. அது இரண்டிரண்டாகப் பிரித்த 12 குறிகளாக எழுதப்படும். 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் மட்டுமே அதில் வரும். ஆகவே வட்டமாகத் தெரிவது எப்போதும் சுழியம்தான், எழுத்து அல்ல. 8-க்கும் பி-க்கும் இடையில்தான் கண் ஏமாறும். முதல் மூன்று இணைகள் தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ என்ற தரநிர்ணய அமைப்பு ஒதுக்கியவை. அதனால் வலையமைப்பு நிர்வாகி பட்டியலைப் பார்த்தாலே எந்த நிறுவனத்தின் கருவி என்பது அவருக்குத் தெரிந்துவிடும். கன்சோலைத் தொலைக்காட்சி என்று சொல்லிப் பதிவு செய்வதில் பயனில்லை.

பிளேஸ்டேஷன் 4-இல் அமைப்புகளுக்குள் சிஸ்டம், அதற்குள் சிஸ்டம் தகவல் என்ற பக்கத்திலும், பிளேஸ்டேஷன் 5-இல் நெட்வொர்க் பகுதியின் இணைப்பு நிலையிலும், எக்ஸ்பாக்ஸில் நெட்வொர்க் அமைப்புகளின் மேம்பட்ட பகுதியிலும், ஸ்விட்சில் இன்டர்நெட் பகுதியிலும் இந்த முகவரியைக் காணலாம். வைஃபைக்கு ஒன்று, கம்பி இணைப்புக்கு இன்னொன்று என்று இரண்டு முகவரிகள் இருக்கும். எதில் இணையப்போகிறீர்களோ அதைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் கொடுத்துவைப்பது இன்னும் நல்லது. ஸ்விட்சின் முதல் வடிவத்துக்கான டாக்கில் (தொலைக்காட்சியோடு இணைக்கும் தாங்கியில்) கம்பி இணைப்புக்கான லேன் துளை இல்லை. யுஎஸ்பி வழியாகச் செருகும் லேன் அடாப்டரின் மேக் முகவரி அந்த அடாப்டருக்கு உரியது, கன்சோலுக்கு உரியதல்ல. அடாப்டரை மாற்றினால் மறுபடி பதிய வேண்டியிருக்கும். 2021-இல் வந்த ஓலெட் வடிவத்தின் டாக்கில் லேன் துளை சேர்ந்தே வருகிறது.

ஒரு விஷயத்தில் கன்சோல் கைபேசியைவிட நல்ல பிள்ளை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கிக் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டும் பழக்கத்துக்கு வந்துவிட்டன. கன்சோல்கள் உண்மை முகவரியையே காட்டுவதால், ஒருமுறை பதிந்தால் பதிவு நிலைத்து நிற்கும். பதிவுக்குப் பின்னும் இணையவில்லையென்றால், கன்சோலை உறக்க நிலைக்கு அனுப்பாமல் முழுமையாக அணைத்து, சில நிமிடங்கள் கழித்து இயக்குங்கள். பழைய ஐபி முகவரியையே பற்றிக்கொண்டிருப்பது அப்போதுதான் விடும்.

எக்ஸ்பாக்ஸில் மாற்று மேக் முகவரி என்ற ஒரு கட்டம் இருக்கிறது. உலாவியில் உள்நுழைந்துவிட்ட மடிக்கணினியின் முகவரியை அதில் எழுதினால், வலையமைப்பு கன்சோலை அந்த மடிக்கணினி என்றே எடுத்துக்கொள்ளும். விதி அனுமதிக்கும் இடத்தில் மட்டுமே இதைச் செய்யுங்கள்; செய்தாலும் இரண்டு கருவிகளையும் ஒரே நேரத்தில் இணைக்காதீர்கள். ஒரே முகவரியில் இரண்டு கருவிகள் நின்றால், வரும் தரவு எதற்கு என்று வலையமைப்புக்குத் தெரியாமல் இரண்டுமே விட்டுவிட்டு வேலை செய்யும்.

பயனர் பெயர் கேட்கும் வைஃபை

பல்கலைக்கழகங்களிலும் பெரிய அலுவலகங்களிலும் வைஃபையில் சேரும்போதே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். இது 2001-இல் முதலில் வெளியான 802.1எக்ஸ் என்ற தரத்தின்படி இயங்கும் நிறுவன வகை வைஃபை; பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் எடுரோம் இந்த வகையைச் சேர்ந்ததே. வீட்டு வைஃபையில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்; இதிலோ ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி. நமக்குப் பழக்கமான மூன்று நிறுவனங்களின் கன்சோல்களும் இதற்கு ஒத்துழைப்பதில்லை. வைஃபை அமைக்கும் திரையில் பயனர் பெயருக்கான கட்டமே இருக்காது. கடவுச்சொல் கட்டத்திலேயே இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இத்தகைய இடங்களில் பெரும்பாலும் உலாவியில்லாத கருவிகளுக்கென்றே தனி வலையமைப்பு ஒன்று இருக்கும்; ஒலிபெருக்கி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி ஆகியவை அதில்தான் மேக் முகவரிப் பதிவின்பேரில் இயங்கும். அதைப் பற்றி விசாரியுங்கள். அறைச் சுவரில் லேன் துளை இருந்தால் அதையும் கேளுங்கள்: வைஃபை கடுமையாக இருக்கும் இடத்திலும் கம்பி இணைப்பு மேக் பதிவோடு திறந்துவிடப்பட்டிருப்பது உண்டு, கேமுக்கும் கம்பியே மேல்.

மடிக்கணினியின் பின்னால் கன்சோல்

மேற்சொன்ன இரண்டும் கைகூடாதபோது, வலையமைப்பில் ஏற்கெனவே முறைப்படி உள்ள மடிக்கணினி தன் இணைப்பைக் கன்சோலுடன் பகிரலாம். வலையமைப்பின் பார்வையில் அங்கே ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது. கன்சோலுக்காகப் பதில் சொல்வது மடிக்கணினி. பகிர்வதை விதிமுறை தடை செய்திருக்கிறதா என்பதை முதலில் படித்துவிடுங்கள். அந்த ஒரு வரி விதிமுறையின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற பகுதி உண்டு. எந்த இணைப்பைப் பகிர்வது, எதன் வழியாகப் பகிர்வது என்பவற்றைத் தேர்ந்தெடுத்து, ஹாட்ஸ்பாட்டுக்குப் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால், கன்சோலில் அது சாதாரண வீட்டு வைஃபையாகத் தெரியும். வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே கொடுப்பதற்கு மடிக்கணினியின் அட்டை ஒத்துழைக்க வேண்டும். பெரும்பாலான புதிய அட்டைகள் ஒத்துழைக்கும். பழைய பிளேஸ்டேஷன் 4 என்றால் அலைவரிசையை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். எந்தக் கருவியும் இணையாதபோது ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துவிடும் மின்சேமிப்பு அமைப்பு ஒன்று அங்கேயே இருக்கும்; அதையும், மடிக்கணினி தூங்கிப்போகும் அமைப்பையும் நிறுத்திவிடுவது நல்லது. கன்சோலில் நடு ஆட்டத்தில் இணைப்பு அறுந்தால், பத்தில் ஒன்பது முறை மூடி மூடப்பட்ட மடிக்கணினிதான் காரணமாக இருக்கும்.

ஒரே வைஃபை அட்டை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுப்பதால் வேகம் குறையும், தாமதம் கூடும். அதனால் மடிக்கணினியில் லேன் துளை இருந்தால், வைஃபையில் வாங்கிக் கம்பியில் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். இதற்குச் சாதாரண லேன் கேபிள் போதும். இரு கருவிகளை நேராக இணைப்பதற்கென்றே இருந்த குறுக்குக் கம்பியைத் தேட வேண்டிய காலம் போய்விட்டது. கண்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் இணைப்புகளில் வைஃபை அட்டையின் பண்புகளைத் திறந்து, ஷேரிங் என்ற தாவலில், மற்றவர்கள் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்பதைக் குறியிட்டு, கம்பி அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கன்சோலுக்கு 192.168.137 என்று தொடங்கும் முகவரி கிடைத்தால் பகிர்வு வேலை செய்கிறது, மீண்டும் 169.254 என்று வந்தால் பகிர்வை நீக்கிவிட்டு ஒருமுறை மறுபடி குறியிடுங்கள். ஆப்பிளின் மேக் கணினியிலும் இணையப் பகிர்வு வசதி உண்டு என்றாலும், 802.1எக்ஸ் வழியாகப் பெற்ற இணைப்பைப் பகிர அது மறுத்துவிடுவது வழக்கம். பல்கலைக்கழக மாணவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது.

கைபேசி ஹாட்ஸ்பாட் வேறு விதமானது. ஐபோன் தன் மொபைல் டேட்டாவைத்தான் பகிரும், தான் இணைந்துள்ள வைஃபையை அல்ல. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் சில மட்டுமே வைஃபையை மறுபகிர்வு செய்யும். எனினும் கட்டட வலையமைப்பைத் தொடாமல் மொபைல் டேட்டாவில் ஆடுவதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. ஆடும்போது செலவாகும் தரவு பலர் நினைப்பதைவிட மிகக் குறைவு. தரவை விழுங்குவது தரவிறக்கமே.

அடிக்கடி பயணம் செய்பவர்கள் உள்ளங்கை அளவுள்ள பயண ரவுட்டர் ஒன்றை வைத்திருப்பார்கள். அது விடுதி வைஃபையில் ஒரு வாடிக்கையாளனாகச் சேர்ந்து, உள்ளே உங்களுக்கென்று தனி வைஃபை ஒன்றை உருவாக்கும். உள்நுழைவுப் பக்கத்தைக் கைபேசியில் ஒருமுறை முடித்தால், ரவுட்டருக்குப் பின்னால் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது பொருந்தும். மாணவர் விடுதிகளில் சொந்த ரவுட்டர் பல இடங்களில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்தத் தடைக்கு நியாயமும் உண்டு. நான் தங்கியிருந்த ஒரு விடுதியில் சுவரிலிருந்து வரும் கம்பியை யாரோ ரவுட்டரின் வேன் துளைக்குப் (வெளியிலிருந்து இணையம் வரும் துளை) பதிலாக லேன் துளையில் செருகிவிட்டார்கள். அந்த ரவுட்டர் தளம் முழுவதற்கும் தானே ஐபி முகவரி வழங்கத் தொடங்கியது. அன்று மாலை யாருக்குமே இணையம் இல்லை. அனுமதி பெற்றுப் பயன்படுத்தினாலும் அந்த ஒரு துளையை இருமுறை சரிபாருங்கள்.

உள்ளே வந்தாயிற்று, ஆனால் ஆட முடியவில்லை

கடையைத் திறக்க முடிகிறது, தரவிறக்கம் நடக்கிறது, நண்பர்கள் பட்டியல் தெரிகிறது. ஆட்டத்தில் சேர்ந்தால் மட்டும் பிழை. காரணம், கடையும் தரவிறக்கமும் இணையப் பக்கங்களைப் போல, டிசிபி என்ற அனுப்பும் முறையில் 80, 443 என்ற போர்ட்டுகள் (எண்ணிட்ட வாசல்கள்) வழியாகப் போகின்றன. அவற்றை எந்த நிர்வாகியும் மூட மாட்டார். ஆட்டமும் குரல் உரையாடலும் யுடிபி என்ற வேறோர் அனுப்பும் முறை வழியாகப் போகின்றன. கடுமையான வலையமைப்புகளில் தெரியாத யுடிபி எல்லாமே மூடப்பட்டிருக்கும்.

இதனோடு நாட் சேர்ந்துகொள்கிறது. கட்டடத்தில் உள்ள நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே வெளி ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. உள்ளிருந்து வெளியே போகும் தரவுக்குப் பதில் வந்தால் யாருக்கு என்று நாட் அறியும், ஆனால் வெளியிலிருந்து புதிதாக ஒருவர் கதவைத் தட்டினால் யாரைக் கூப்பிடுவது என்று அதற்குத் தெரியாது. பிளேஸ்டேஷன் இதை வகை 1, 2, 3 என்றும், எக்ஸ்பாக்ஸ் திறந்தது, மிதமானது, கடுமையானது என்றும், நின்டெண்டோ ஏ முதல் டி வரையும் எஃப் என்றும் சொல்கின்றன. நடு வகைகள் கிடைத்தாலே பெரும்பாலான ஆட்டங்கள் ஓடும். முதல் வகைக்காகப் போராட வேண்டாம். பகிர்ந்த வலையமைப்பில் அது கிடைக்காது. கடுமையான வகையில் உள்ளவர்தாம், கடுமையான அல்லது மிதமான வகையில் உள்ள மற்றவரை எட்ட முடியாமல் தவிப்பார்கள். எதிரே இருப்பவர் திறந்த வகையில் இருந்தால் உங்கள் குறை பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே ஆட்டத்தை உருவாக்கி அழைப்பு விடுக்கும் பொறுப்பை வீட்டில் நல்ல இணைப்பு உள்ள நண்பரிடம் கொடுத்துவிடுவது, எந்த அமைப்பையும் தொடாமல் கிடைக்கும் தீர்வு. மையச் சேவையகத்தில் ஓடும் ஆட்டங்களுக்கு நாட் வகை அவ்வளவு முக்கியமில்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் நேரடியாக இணையும் ஆட்டங்களில்தான் அது உறுத்தும்.

மடிக்கணினிப் பகிர்வோ பயண ரவுட்டரோ பயன்படுத்தினால் ஏற்கெனவே உள்ள நாட்டின் மேல் இன்னொரு நாட் ஏறுகிறது. இணைய நிறுவனமும் தன் பங்குக்கு ஒன்றைப் போட்டிருக்கலாம்: ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், அது இதற்கென்றே 2012-இல் ஒதுக்கப்பட்ட முகவரி. அந்த நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டுகளைத் திறந்தாலும் பயன் இராது, ஏனெனில் பூட்டு உங்கள் கதவில் இல்லை.

நிர்வாகியிடம் என்ன கேட்பது

பலர் இங்கே சொதப்புவது கேள்வியில்தான். போர்ட் ஃபார்வர்டிங் செய்து தாருங்கள் என்று எழுதினால், வெளியிலிருந்து உள்ளே வழி திறக்கச் சொல்கிறீர்கள் என்று நிர்வாகி புரிந்துகொண்டு உடனே மறுப்பார். அவர் இடத்தில் நானும் மறுப்பேன். உங்களுக்குத் தேவைப்படுவது உள்ளிருந்து வெளியே செல்லும் யுடிபிக்கான அனுமதியும் அதற்கு வரும் பதிலும் மட்டுமே. பிளேஸ்டேஷனுக்கு டிசிபி 3478, 3479, 3480 ஆகியவையும் யுடிபி 3478, 3479 ஆகியவையும். எக்ஸ்பாக்ஸுக்கு யுடிபி 88, 500, 3544, 4500 ஆகியவையும், டிசிபி, யுடிபி இரண்டிலும் 3074-உம் வேண்டும். நின்டெண்டோ இப்படிச் சில எண்களோடு நிற்பதில்லை, யுடிபியில் பரந்த வரிசையையே கேட்கிறது. அதனால் கட்டுப்பாடுள்ள இடங்களில் நேரடி ஆட்டத்துக்கு அதுவே அதிகம் சிரமப்படுத்தும். இவை தவிர ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி எண்கள் இருக்கலாம். நீங்கள் ஆடும் ஒன்றிரண்டை மட்டும் குறிப்பிடுங்கள்.

கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"ஐயா / அம்மையீர், என் அறையில் பிளேஸ்டேஷன் 5 கன்சோல் ஒன்று உள்ளது. அதன் வைஃபை மேக் முகவரியையும் கம்பி மேக் முகவரியையும் கீழே கொடுத்துள்ளேன். இணைப்புச் சோதனையில் ஐபி முகவரி கிடைக்கிறது. சேவையில் உள்நுழைய முடிகிறது. நாட் வகை 3 என்று வருகிறது. உள்ளிருந்து வெளியே செல்லும் யுடிபி 3478, 3479 ஆகியவற்றுக்கு இந்தக் கருவிக்கு மட்டும் அனுமதி வழங்க இயலுமா எனத் தெரிவிக்க வேண்டுகிறேன். வெளியிலிருந்து உள்ளே எந்தப் போர்ட்டையும் திறக்கத் தேவையில்லை. கருவிகளுக்கான தனி வலையமைப்பு இருப்பின் அதில் சேரவும் சம்மதம்."

சோதனையின் எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்லும் கடிதத்துக்கு விரைவில் பதில் வரும். இணையம் வேலை செய்யவில்லை என்று மட்டும் எழுதினால், ரவுட்டரை அணைத்து இயக்குங்கள் என்ற பதிலோடு ஒரு வாரம் போய்விடும்.

தரவிறக்கமும் புறப்படும் நாளும்

அனுமதி கிடைத்தாலும் தினசரித் தரவு வரம்பு இருக்கக்கூடும். ஒரு பெரிய ஆட்டம் நூறு கிகாபைட் வரை போவது இன்று சாதாரணம். முடிந்தவரை வீட்டிலேயே இறக்கி எடுத்து வாருங்கள். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களின் இயங்கு மென்பொருளைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி மூலம் ஏற்றலாம். ஸ்விட்சில், அருகில் உள்ள இன்னொரு ஸ்விட்சிலிருந்து ஆட்டத்தின் புதுப்பிப்பை இணையமே இல்லாமல் பெறும் வசதி உண்டு. அறைத் தோழரிடமும் ஸ்விட்ச் இருந்தால் வரம்பைத் தொடாமல் வேலை முடியும். பகிர்ந்த வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி பிரித்துவைத்திருப்பார்கள் என்பதால், அந்த வைஃபை வழியாகக் கன்சோலிலிருந்து கன்சோலுக்குப் பிரதி எடுப்பதும், கைபேசியில் ரிமோட் பிளே (கன்சோலில் ஓடும் ஆட்டத்தை வேறு கருவியில் ஆடும் வசதி) பயன்படுத்துவதும் நடக்காமல் போகலாம். இரண்டு பிளேஸ்டேஷன்களை லேன் கேபிளால் நேராக இணைத்துத் தரவை மாற்றுவதற்கு அந்தத் தடை பொருந்தாது.

இடத்தைக் காலி செய்யும்போது உங்கள் பெயரில் பதிந்த மேக் முகவரியை நீக்கச் சொல்லிவிடுங்கள். கன்சோலை விற்றுவிட்டாலும் அந்த முகவரி செய்வதற்கெல்லாம் பதிவேட்டில் உங்கள் பெயரே நிற்கும். எக்ஸ்பாக்ஸில் மாற்று மேக் முகவரி எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தைத் துடைத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். அதை மறந்தவர்கள்தாம் வீட்டுக்குத் திரும்பிய பின், மடிக்கணினியும் கன்சோலும் சேர்ந்து இயங்கும்போது மட்டும் ஏன் வைஃபை தடுமாறுகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.